காவிரி ஏன் மாவு அரைக்கவில்லை?

வாசகர் கேள்வி - பதில்

மன்னார்குடி வாசகி: மகனைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். பக்கத்துக் கிராமத்தில் ஓடைக்கரையில் ஒரு பழைய கல் கட்டடம், சுவரை ஒட்டிப் பெரிய மரச்சக்கரம். வாசலில் ‘கார்ன் மில்’ என்று பலகை. உள்ளே போனால் மக்காச்சோளத்தையே காணோம், கோதுமை மாவு விற்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது. அது என்ன மில், எப்படி ஓடுகிறது?

கூச்சப்பட ஒன்றுமில்லை அம்மா. கார்ன் என்றதும் நமக்கு மக்காச்சோளக் கதிர்தான் கண்ணில் நிற்கும். அவர்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தானியம் என்பதுதான் பழைய பொருள். கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாம் அதில் அடக்கம். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-ல் கொலம்பஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஐரோப்பாவுக்கு வந்தது. ஆலைகள் அதற்கு வெகுகாலம் முந்தியவை.

எவ்வளவு முந்தியவை என்றால், 1086-ல் இங்கிலாந்து ராஜா நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது சுமார் 6,000 ஆலைகள் பதிவாயின. அந்த நாட்டில் அப்போது காற்றாலை வந்திருக்கவில்லை. ஏறக்குறைய எல்லாமே தண்ணீரில் ஓடியவை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் வைத்து 76 வருஷம் ஆகியிருந்த காலம் அது. முதலாம் குலோத்துங்கன் நம் பக்கத்து நிலங்களை அளக்கச் சொன்னதும் அதே 1086-ல்தான். அங்கே ஆலையை எண்ணினார்கள், இங்கே வயலை அளந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டியிருக்கும்.

ஆலை ஓடும் விதம் இதுதான். ஓடையை மேலே ஓரிடத்தில் மறித்து, தனி வாய்க்கால் வெட்டி, ஆலைக்கு அருகே குட்டையில் தண்ணீரைத் தேக்குவார்கள். மதகைத் தூக்கினால் தண்ணீர் சக்கரத்தில் விழும். சக்கரம் நின்ற வாக்கில் சுற்றும், கல்லோ படுத்த வாக்கில் சுற்ற வேண்டும். இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திசையை மாற்றிக் கொடுக்கின்றன. இன்னும் இரண்டு சேர்ந்தால் வேகமும் கூடும். வெளியே சக்கரம் நிமிஷத்துக்கு ஏழெட்டுச் சுற்றுதான் சுற்றும், உள்ளே கல் நூறைத் தாண்டும். 2,000 வருஷத்துக்கு முன்பு ரோமாபுரியின் விட்ருவியஸ் விவரித்த ஆலையிலும் பல்சக்கரம்தான் இந்த வேலையைச் செய்தது.

கல்லைப் பார்த்திருப்பீர்களே, நம் திருகைதான்! அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுக்குழியில் தானியம் போகும், விளிம்பில் மாவு வரும். நம் திருகையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கையால் சுற்றிவிடலாம். அங்கே மேல்கல் நாலடி அகலம், கிட்டத்தட்ட ஒரு டன் கனம்.

என் மகள் அங்கே படித்துக்கொண்டிருந்தபோது அப்படி ஓர் ஆலைக்குள் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். காலடியில் பலகை நடுங்கிக்கொண்டே இருந்தது. கல்லுக்கு மேலே தானியத் தொட்டி, அதன் அடியில் சாய்வான சின்ன மரத்தட்டு. சுற்றுகிற தண்டு அந்தத் தட்டை டக் டக் என்று தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கோதுமை குழிக்குள் விழுகிறது. கல் வேகமெடுத்தால் தட்டும் வேகமெடுக்கும், தானியமும் கூட விழும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. தொட்டிக்குள் ஒரு தோல்வார், தானியத்தின் கனத்தில் அமுங்கிக் கிடக்கிறது. தானியம் தீரப்போகும்போது வார் தளர்ந்து மணி அடிக்கும். கல் வெறுமனே சுற்றினால் கல்லோடு கல் உரசிப் பொறி பறக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆலைக்காரர் கீழே மாவு விழும் இடத்தில் கையை நீட்டி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. ரொம்பச் சூடானால் கல் நெருங்கிவிட்டது என்று அர்த்தமாம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஆலை ஊர்ச்சொத்து இல்லை. பண்ணைக்காரனுடையது அல்லது மடத்துடையது. குடியானவன் அங்கேதான் அரைக்க வேண்டும், அரைகூலியாகத் தானியத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு வர வேண்டும். வீட்டில் திருகை வைத்திருந்தால் குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் மடத்துத் தலைவர் வீடு வீடாகத் திருகைகளைப் பறித்துக்கொண்டுபோய் மடத்துக் கூடத்துக்குத் தளமாகப் பாவிவிட்டார். தங்கள் வீட்டுக் கல்லைக் காலில் மிதித்துக்கொண்டுதான் ஜனங்கள் அந்தக் கூடத்துக்குள் போக வேண்டும். 1381-ல் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தபோது அந்த ஊர்க்காரர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அந்தத் தளத்தைப் பெயர்த்ததுதான். கல்லைத் துண்டு துண்டாக உடைத்து, கோயில் பிரசாதம் போல ஆளுக்கொரு துண்டு கொடுத்து அனுப்பினார்களாம். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அம்மாவின் திருகையை யாராவது அப்படித் தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்ற நினைப்பு வந்துவிட்டது.

வலங்கைமான் பாலிடெக்னிக் மாணவர்: கல்லணை, முக்கொம்பு, ஆயிரக்கணக்கான வாய்க்கால் என்று பெருமை பேசுகிறோம். ஆனால் இவ்வளவு தண்ணீர் ஓடும் டெல்டாவில் தண்ணீர் ஆலை இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த அறிவு நமக்கு இல்லாமல் போய்விட்டதா?

தம்பி, நல்ல கேள்வி. கடைசி வரியை மட்டும் திருத்திக்கொள். அறிவுக்கு ஒன்றும் குறைவில்லை. ஊருக்கு ஊர் தண்ணீர் ஆலை என்ற வழக்கம் இங்கே வராததற்குக் காரணம் மண்ணில் இருக்கிறது.

சக்கரத்தைச் சுற்றத் தண்ணீர் நிறைய இருந்தால் மட்டும் போதாது, அது விழ வேண்டும். கும்பகோணம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 25 மீட்டர். அங்கிருந்து பூம்புகார் கடற்கரை சுமார் 60 கிலோமீட்டர். வகுத்துப் பார். கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் சொச்சம்தான் வாட்டம், ஒரு முழம் கூட இல்லை.

கணக்கு போடுவோம், நீ பாலிடெக்னிக் ஆயிற்றே. விநாடிக்கு 100 லிட்டர் தண்ணீர் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதற்குள் சுமார் 4 குதிரைத்திறன் இருக்கிறது. மேலேயிருந்து தொட்டி தொட்டியாக நிரப்பிச் சுற்றும் சக்கரம் வைத்தால் அதில் பாதிக்கு மேல் கைக்கு வரும். கல்லைச் சுற்றிவிடலாம். அதே 100 லிட்டர் 40 சென்டிமீட்டர் இறங்கினால் அரைக் குதிரைத்திறன்தான். அவ்வளவு தாழ்வில் மேலேயிருந்து ஊற்ற வழியில்லை, சக்கரத்தின் அடிப்பலகையைத் தள்ளவிட வேண்டியதுதான். ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயர் மாதிரிச் சக்கரங்களை வைத்து அளந்து பார்த்து 1759-ல் சொன்னார்: மேலே விழும் தண்ணீரில் ஓடும் சக்கரம், அடியில் தள்ளும் தண்ணீரில் ஓடுவதைப்போல இரண்டு மடங்கு வேலை தரும். ஆக, அரைக் குதிரைத்திறனில் கால் பங்குதான் தேறும். ஒரு ஆள் நாள் முழுக்க உலக்கை போடுகிற பலம் அது. அதற்கு ஒரு சக்கரம், ஒரு கட்டடம், ஒரு அணை!

‘பெரிய ஆற்றில் விநாடிக்கு 100 லிட்டரா ஓடுகிறது, ஆயிரக்கணக்கில் ஓடுமே’ என்று நீ கேட்பாய். சரிதான். சமவெளி ஆற்றிலும் வழி உண்டு. கி.பி. 537-ல் ரோமாபுரியை முற்றுகையிட்டவர்கள் தண்ணீர்க் கால்வாய்களை உடைத்துவிட, உள்ளே ஆலைகள் நின்றுபோயின. தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளை இழுத்துக் கட்டி, இரண்டு படகுக்கு நடுவே சக்கரத்தை மாட்டி மாவு அரைத்தார். டைபரில் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு. நம் காவிரி அப்படியா? ஆடியில் கரைபுரளும், மாசி பங்குனியில் மணல். மேட்டூர் வந்த பிறகும் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவதுதான் முறை. வருஷத்தில் நாலைந்து மாதம் சும்மா நிற்கும் சக்கரத்தை நம்பி எந்த வீட்டில் அடுப்பு எரியும்?

இதையெல்லாம் விடப் பெரிய காரணத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, சட்ரஸ் மேல், அதாவது ஆற்றில் தண்ணீரைத் தடுத்துப் பிரித்து விடும் கதவு மதகின் மேல், நின்று கற்றுக்கொண்டேன். பாசனத் துறையில் லஸ்கராக, மதகுக் கதவை ஏற்றி இறக்கும் ஆளாக, சேர்ந்து 34 வருஷம் வேலை பார்த்தேன். அதில் 11 வருஷம் குடமுருட்டியிலும் வெட்டாற்றிலும். சட்ரஸ் சுவரில் அடி, இஞ்ச் வரைந்த வெள்ளைப் பட்டை இருக்கும். அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் கதவை ஏற்றி இறக்க வேண்டும். தாளடி நடவு சமயத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு கடைமடைக்காரர்கள் வருவார்கள். “தம்பி, ஒரு இஞ்ச் தூக்கி விடப்பா. நாத்து காஞ்சி போச்சு.” ஒரே ஒரு இஞ்ச்! நான் தூக்கினால் மேலே இருக்கும் வாய்க்கால் தலைப்பில் மட்டம் இறங்கும், பொழுது விடிவதற்குள் அந்த ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள். “இந்த இடத்தில் தண்ணி விழுதே, சக்கரம் வைக்கக் கூடாதா சார்?” என்று எங்கள் செக்‌ஷன் ஆபீசரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் சொன்னார்: “மேலே மட்டத்தை ஏத்தினா தலைமடை முழுகும். கீழே இறக்கினா கடைமடை காயும். நடுவுல நீ எங்கேய்யா சக்கரத்தைச் செருகுவே?”

அதுதான் தம்பி விஷயம். அந்த முழத்துக்கும் குறைவான வாட்டத்தை வைத்துக்கொண்டுதான் கல்லணையிலிருந்து கடல் ஓரம் வரை, இறைக்காமல் ஏற்றாமல், வயலுக்கு வயல் தண்ணீர் தானாகப் பாய்கிறது. ஆறு கொடுத்த உயரம் முழுவதையும் வயலுக்கே செலவழித்துவிட்டார்கள் நம் முன்னோர். ஆலைக்கென்று மிச்சம் ஒன்றும் இல்லை. மலைநாட்டில் ஓடை துள்ளி விழுகிறது. ஒரு ஆள் உயரத்தை ஆலைக்குக் கொடுத்தாலும் கீழே இன்னும் ஆயிரம் அடி பாக்கி இருக்கும்.

பயிர் விஷயமும் இருக்கிறது. கோதுமையை மாவாக்கினால்தான் ரொட்டி. நெல்லுக்கு அந்தத் தேவை இல்லை, உமி கழன்றால் போதும். அது அரைக்கிற வேலை இல்லை, குத்துகிற வேலை. (சீனாவில் தண்ணீரை வைத்து உலக்கையையே தூக்கிப் போட வைத்தார்கள், 2,000 வருஷத்துக்கு முன்பே. மலையோர ஓடைகளில்.) இங்கே அந்த வேலையைச் செய்தது பெண்களின் தோள். வள்ளைப்பாட்டு என்று அதற்கென்றே பழந்தமிழில் ஒரு பாட்டு வகை இருக்கிறது என்றால் எத்தனை தலைமுறைத் தோள் அது என்று நினைத்துப் பார்.

கொரடாச்சேரி வாசகி: மாமியார் காலத்துத் திருகை. உளுந்து உடைத்தால் பாதி முழுசாகவே வருகிறது. வீட்டில் எல்லாரும் தோட்டத்தில் போடச் சொல்கிறார்கள்.

போட்டுவிடாதீர்கள் அம்மா! மேல்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, ராத்திரி டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். கல் வழவழவென்று பளபளத்தால் கொத்து போய்விட்டது என்று பொருள். கல்லில் குறையில்லை. “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று தெருவில் குரல் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது? ஆனாலும் ஆள் இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைப்பார்கள். கொத்திய பிறகு முதலில் இரண்டு மூன்று தரம் தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள், கல்தூள் போய்விடும். நடுவில் உள்ள முளை தேய்ந்து ஆடினாலும் உளுந்து முழுசாக வரும். தச்சரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்திராத அந்த இங்கிலாந்து ஆலைகளிலும் இதே கதைதான். சில வாரத்துக்கு ஒருமுறை மேல்கல்லைப் புரட்டிப் போட்டு, மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் வரிகளைப் புதிதாகக் கொத்த வேண்டும். அதற்கென்று ஊர் ஊராகப் போகும் ஆட்கள் இருந்தார்கள். கொத்தும்போது உளியின் இரும்புப் பொடி தெறித்துக் கைத்தோலுக்குள் ஏறி நிரந்தரமாகத் தங்கிவிடும். புதிதாக வந்தவரிடம் ஆலைக்காரர் கையை நீட்டச் சொல்வாராம். புறங்கையில் கருநீலப் புள்ளிகள் எத்தனையோ அத்தனை அனுபவம். எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த பெரியவரின் கையிலும் அப்படிப் புள்ளிகள் இருந்தன. சின்ன வயதில் அதைப் பச்சை குத்தியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீர்காழி வாசகர்: இந்தியாவில் தண்ணீர் ஆலையைப் பார்க்க எங்கே போகலாம்?

மகாராஷ்டிரத்து ஔரங்காபாத், இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். எல்லோரா பார்க்கப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆலைக்குப் பன்சக்கி என்று பெயர். அந்தச் சொல்லுக்கே தண்ணீர்த் திருகை என்றுதான் பொருள். தூரத்து மலை ஊற்றிலிருந்து பூமிக்கடியில் மண்குழாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, உயரத்திலிருந்து விழவிட்டு, தர்காவுக்கு வரும் பக்கிரிகளுக்கும் யாத்ரீகர்களுக்கும் மாவு அரைத்தார்கள். இமயமலைப் பக்கம், உத்தராகண்ட் கிராமங்களில் கராட் என்பார்கள். அங்கே சக்கரமே படுத்த வாக்கில் இருக்கும், பல்சக்கரம் வேண்டாம். ஒரு மரத்தாரை, ஒரு சக்கரம், ஒரு திருகை, அவ்வளவுதான்.

கும்பகோணம் வாசகர்: உரலும் உலக்கையும் மறைந்தது எப்போது? காவிரிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

இல்லை. பங்கு உண்டு, சுற்று வழியில்.

ஹல்லர் என்று நாம் சொல்லும் இயந்திரம் 1880-களில் பிரேசிலில் எங்கல்பெர்க் என்பவர் செய்தது. வரி போட்ட இரும்பு உருளை, அடியில் ஓட்டைத் தகடு, பக்கத்தில் ஒரு கத்திப் பட்டை. நெல் உள்ளே உரசி உரசி உமியும் தவிடும் ஒன்றாகப் பொடியாகிக் கீழே கொட்டும், அரிசி முன்னால் வரும். நம் பக்கத்தில் முதலில் இதை எண்ணெய் இன்ஜின்கள் ஓட்டின. டுக் டுக் என்று அந்தச் சத்தம் வயலைத் தாண்டிக் கேட்கும்.

எல்லாரும் அதைக் கொண்டாடவில்லை. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தி 1934-ல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர், கைக்குத்தல் அரிசிக்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். உலக்கைக் குத்தில் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும், சத்தும் தங்கும், ஏழைப் பெண்ணுக்குக் கூலியும் கிடைக்கும் என்பது அவர் பக்கம். 1958-ல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசு சட்டமே போட்டது. புது மில்லுக்கு பெர்மிட் கொடுக்கும் முன் அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் பிழைப்பு போகும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஆனாலும் மில்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

இப்போது காவிரிக்கு வருகிறேன். மலையை விட்டு இறங்கும் இடத்தில் காவிரிக்கு உயரம் இருக்கிறது. 1902-லேயே சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, 1937-ல் அங்கே மின் நிலையம் ஓடத் தொடங்கியது. தண்ணீர் சக்கரத்தில் விழுவது மேட்டூரில், உருளை சுற்றுவது நம் ஊரில். நடுவே கம்பி. இங்கிலாந்துக்காரர்கள் ஆலையைத் தண்ணீர் விழும் இடத்தில் கட்ட வேண்டியிருந்தது, நமக்கு அந்த அவசியம் இல்லாமல் போயிற்று.

எங்கள் கிராமத்துக்குக் கரண்ட் மில் வந்தபோது எனக்கு 12 வயது. அதுவரை என் அம்மாவும் சித்தியும் நாலு வீட்டுக்கு நெல் குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே உரலில் இரண்டு உலக்கை, ஒருவர் தூக்கும்போது ஒருவர் போடுவார். அம்மாவின் உள்ளங்கையில் உலக்கைத் தடம் காய்த்துப்போய் இருக்கும். கூலி, குருணையும் தவிடும், மேலே அரைப்படி அரிசியும். மில் வந்த வருஷம் நாலு வீட்டில் மூன்று வீடு நின்றுபோனது. சித்தி நடவுக்கும் களையெடுப்புக்கும் போக ஆரம்பித்தார். அம்மா ரொம்ப நாள் மில் பக்கமே போகவில்லை.

அடுத்த தைக்கு, எங்கள் பங்கு நெல்லை அவித்துக் காயவைத்து, நானும் அம்மாவும் கோணியில் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு போனோம். மில் டிரைவர் பெல்ட்டை மாட்டிவிட்டு, “மேட்டூர் கரண்ட் ஆச்சி, காவேரித் தண்ணிதான் இத ஓட்டுது” என்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அரிசி கூடையில் கொட்டத் தொடங்கியது. அம்மா குனிந்து மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டார். “சுடுதுடா” என்றார். கோணி மூட்டை முழுக்க அரைபட்டு முடியும் வரை கையை வெளியே எடுக்கவில்லை.